அச்சத்தைப் போக்கியவரே ஆசான்!

நடுவர் அவர்களே! 'இவர் என்ன பேசிவிடுவார், பார்ப்போம்' என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! கடற்கரை மணலையே பாயாக விரித்து உட்கார்ந்திருக்கிற புன்னைக்காயல் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருக்கிற குடும்பத்தாரே!

'நெஞ்சில் நிற்கும் ஆங்கில ஆசிரியர் யார்? அறிவை ஊட்டியவரா? அச்சத்தைப் போக்கியவரா?' இதுதான் தலைப்பு. நான் தமிழ் வாத்தியார். என்னைக் கூப்பிட்டு ஆங்கில வாத்தியாரைப் புகழச் சொல்கிறார்கள். மருமகளைக் கூப்பிட்டு மாமியாருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது ஐயா! (சிரிப்பு) ஆனால் நான் மனசாரப் புகழ்வேன். ஏனென்றால், என் தமிழின் மதிப்பை எனக்குக் காட்டியவரே ஓர் ஆங்கில வாத்தியார்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எதிரணித் தலைவி கேட்டார்கள்: "அன்பாகச் சிரித்தால் இலக்கணம் வந்துவிடுமா? முதுகிலே தட்டிக்கொடுத்தால் மார்க் வந்துவிடுமா?" நல்ல கேள்விதான் அம்மா. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். கவிழ்ந்து கிடக்கிற செம்பில் எவ்வளவு பாலை ஊற்றினாலும் நிறையுமா? முதலில் செம்பை நிமிர்த்த வேண்டாமா? அச்சம் இருக்கிறதே, அது பிள்ளையின் மனத்தைக் கவிழ்த்துவிடுகிறது. அதை நிமிர்த்துகிறவர்தான் ஆசிரியர். அப்புறம் ஊற்றுகிற அறிவெல்லாம் தானே நிறையும்.

வீட்டிலே வாய் ஓயாமல் பேசுகிற பையன், கரையிலே நின்று மீன் ஏலத்தில் பெரியவர்களுக்குச் சமமாகக் குரல் கொடுக்கிற பையன், ஆங்கில வகுப்பு வந்தால் ஏன் ஐயா ஊமையாகிறான்? அறிவு இல்லையா? இல்லை! தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்கிற பயம். அந்தப் பயம்தான் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது.

வேறு எங்கும் போக வேண்டாம். தாமிரபரணி கடலில் கலக்கிற இந்தப் புன்னைக்காயலுக்கே வருகிறேன். 'ஆங்கில வாத்தியாரைப் பற்றிப் பேசச் சொன்னால் போர்த்துக்கீசியப் பாதிரியாரைப் பற்றிப் பேசுகிறாரே' என்று நினைக்காதீர்கள். அயல்மொழி கற்பது என்றால் என்ன என்பதை அண்டிரிக்கு அடிகளார் வாழ்க்கையில் பார்க்கலாம்.

என்றீக்கே என்றீக்கசு என்பது அவர் பெயர். 1520இல் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தவர். 1547 வாக்கில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்கு யார் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள்? ஐரோப்பியர் படிக்கத் தக்க தமிழ் இலக்கணம் அன்றைக்கு இல்லை. ட்யூஷன் சென்டர் இல்லை. முப்பது நாளில் தமிழ் புத்தகமும் இல்லை! (சிரிப்பு) இந்தக் கரையில் வாழ்ந்த மக்களின் வாய்மொழிதான் அவருக்குப் பாடப்புத்தகம். உடன் இருந்த துறவியரும் தங்களுக்குள் தமிழிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

நினைத்துப் பாருங்கள். முதல் நாளே செந்தமிழா பேசியிருப்பார்கள்? ழகரத்துக்கு நாக்கு மடங்கியிருக்குமா? றகரமும் ரகரமும் ஒழுங்காக வந்திருக்குமா? அன்றைக்கு இந்த ஊர் கைகொட்டிச் சிரித்து விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் தமிழ் எழுத்திலே அச்சாகி வந்திருக்குமா? இந்திய மொழி ஒன்றின் எழுத்திலே இந்தியாவில் அச்சாகி, இன்றும் பார்க்கக் கிடைக்கிற முதல் நூல் ஐயா அது! அதை அச்சிட இந்தக் கரையோரத்து மக்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாணவனுக்குப் பேச்சுக் கொடுத்து, புத்தகம் அச்சிடக் காசும் கொடுத்த ஊர் உங்கள் ஊர்! (கைதட்டல்)

மறுவருடம் 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. பின்னால் வந்த துறவியருக்கு அவரே தமிழ் வாத்தியாரானார். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 2013இல் ஹார்வர்டு நூல் வரிசையில் வெளிவந்தது. எதிரணியினர் கவனிக்க வேண்டும்: இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூச்சத்தை விட்டுப் பேசியவர், பிறகு இலக்கணமே எழுதினார் என்கிறேன். 1600இல் இதே புன்னைக்காயலில்தான் அவர் கண்ணை மூடினார்.

தாய்மார்களே! வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறீர்களே, அந்தச் 'சாவி' போர்த்துக்கீசியச் சொல். அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். நாம் என்ன கெட்டா போனோம்? இன்னொரு மொழி வந்தால் நம் மொழி ஓடிவிடும் என்கிற பயமும் வேண்டாம்.

இதற்கு நம் தூத்துக்குடியிலேயே சாட்சி உண்டு. 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் பேராசிரியர் அ. சீனிவாசராகவன். அவர் என்ன பேராசிரியர்? ஆங்கிலப் பேராசிரியர்! ஆனால் 'நாணல்' என்ற பெயரில் தமிழ்க் கவிதை எழுதினார். 'வெள்ளைப் பறவை' என்ற அவருடைய கவிதை நூலுக்கு 1968இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் கம்பனைப் பேசினாலும் சரி, ஷேக்ஸ்பியரைப் பேசினாலும் சரி, கேட்டவர்கள் நேரம் போவது தெரியாமல் இருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் வகுப்பில் நின்றாலே போதுமே! இரண்டு மொழியும் சண்டைக்காரர்கள் அல்ல என்று பிள்ளைக்குத் தானே விளங்கிவிடும்.

இப்போது என் ஆசிரியருக்கு வருகிறேன். நான் படித்தது கடற்கரைப் பள்ளி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் விடியுமுன்னே கடலுக்குப் போய்விட்டு வருவான். வகுப்பில் தூங்குவான். எழுப்பி ஒரு வரி வாசிக்கச் சொன்னால் தடுமாறுவான். ஒருநாள் வகுப்பே சிரித்தது. ஆங்கில ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டார். "தப்பா வாசிச்சவன் முயற்சி பண்ணினான். சிரிச்சவன் என்னலே பண்ணினான்?" என்றார். வகுப்பு கப்சிப்!

அப்புறம் அவனிடம் கேட்டார்: "ஏலே, பாடத்துல காத்துன்னு ஒரே ஒரு சொல்தான் இருக்கு. உங்க கடல்ல அடிக்கிற காத்துக்கு எத்தனை பேருலே?" அவன் எழுந்தான். "வடக்கேயிருந்து வந்தா வாடை சார். கிழக்கேன்னா கொண்டல். மேக்கேன்னா கச்சான். தெக்கேயிருந்து வந்தா சோழகம்." நாலையும் கரும்பலகையில் எழுதினார். "இன்னைக்கு நீதாம்லே வாத்தியார். நாளைக்கு இதையே நீ எனக்கு இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றார். மறுநாள் சொன்னான் ஐயா! இலக்கணம் அரைகுறைதான். ஆனால் நிமிர்ந்து நின்று சொன்னான். எங்கள் ஊர்ப் பேச்சும் கரும்பலகை ஏறத் தகுந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் தமிழ் படிக்கப் போனதற்கு வித்து அது.

அந்த நண்பன் பின்னாலே கப்பல் வேலைக்குப் போனான். ஆசிரியர் காலமான செய்தியைச் சொன்னபோது ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போனில் அழுதான். "எல்லாக் காத்துக்கும் இங்கிலீஷ்ல பேரு தெரிஞ்சுக்கிட்டேம்லே. லீவுக்கு வந்து சார்ட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றான். நடுவர் அவர்களே, அவன் இலக்கண விதிக்காகவா அழுதான்?

கடைசியாக ஒன்று. எதிரணி இளைஞர் சொன்னார், "இன்றைக்குப் போனைத் தட்டினால் அகராதி வருகிறது, மொழிபெயர்ப்பு வருகிறது" என்று. தம்பி, எங்கள் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள்! அறிவு போனிலேயே கிடைக்கிறது என்றால் ஆசிரியருக்கு மிச்சம் இருக்கிற பெரிய வேலை என்ன? தப்பாகப் பேசிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிற பிள்ளையின் தோளைத் தொட்டு "இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்வதுதானே? (கைதட்டல்)

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பிள்ளை வீட்டிலே தப்பும் தவறுமாக நாலு வார்த்தை ஆங்கிலம் பேசினால் சிரிக்காதீர்கள். தப்பும் தவறுமாகத் தமிழ் பேசத் தொடங்கிய ஒருவரை வாழவைத்த ஊர் இது.

ஆகவே நடுவர் அவர்களே, நெஞ்சில் நிற்கும் ஆங்கில ஆசிரியர் அச்சத்தைப் போக்கியவரே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமைகிறேன்.