சாக்கடைக் குழாயின் சத்தமும் சாதியின் காதும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவு, குத்தாலம்)



டிசம்பர் 6 அன்று பேச அழைத்தால் அண்ணலின் புத்தகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர் வீடுகளில் கக்கூஸ் கோப்பைக்குள்ளிருந்து 'களக், களக்' என்று வருமே, அந்தச் சத்தம்.

என் பெரியப்பா அந்தச் சத்தத்துக்காகக் கூப்பிடப்பட்டவர். கொல்லை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் போனதும் மூடியைத் திறக்க மாட்டார். "குளிக்கிற ரூம்ல ஒரு வாளித் தண்ணி ஊத்துங்கம்மா" என்பார். கக்கூஸ் பக்கம் நின்று கேட்பார். ஒரே இடத்தில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கிளைக் குழாயில் அடைப்பு. குளியலறையில் ஊற்றிய தண்ணீருக்குக் கக்கூஸ் சத்தம் போட்டால், இரண்டும் சேர்ந்து போகிற குழாயில் அடைப்பு. பாதாளச் சாக்கடை உள்ள தெருவில் பக்கத்து வீடுகளிலும் அதே சத்தம் கேட்டால், கோளாறு தெருக்குழாயில். இதைப் பொறியாளர் சொன்னால் தொழில்நுட்பம் என்பார்கள். பெரியப்பா சொன்னபோது "சரி, எறங்கு" என்றார்கள்.

அந்தச் சத்தம் எப்படி உண்டாகிறது? கோப்பைக்கு அடியில் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழாயில் இருக்கும் நச்சுவாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். முன்னால் அடைத்துக்கொண்டாலோ, காற்றுக் குழாய் இல்லாவிட்டாலோ, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அந்தத் தண்ணீரைக் குமிழியிட்டுக்கொண்டு வெளியேறும். குழாய் முழுதாக அடைத்துக்கொள்வதற்கு முன் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அது.

நம் டெல்டாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது தட்டையான மண். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை உறிஞ்சு குழி ஏற்காது. தொட்டி நிரம்பிக் குழாய் வாய்வரை வரும். அப்போது உள்ளே ஆளை இறக்கி அள்ளினாலும், மண்ணின் ஈரம் வடியாதவரை சத்தம் திரும்ப வரும். எந்தப் பலனும் தராத வேலைக்கு ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

பக்கத்தில் மயிலாடுதுறையில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. அங்கே சாலை உள்வாங்குவது திரும்பத் திரும்ப நாளிதழ்ச் செய்தியாகிறது. குழாய் உடைந்தால் கழிவுநீர் வெளியே கசியும், மண் குழாய்க்குள் சரியும், சாலைக்கு அடியில் பள்ளம் விழும். தட்டையான ஊரில் கழிவுநீர் தானாக ஓடச் சரிவு போதாது. நீரேற்று நிலையம் நின்றால் தெருவே தேங்கும். இவையெல்லாம் வடிவமைப்பும் பராமரிப்பும் சார்ந்த கோளாறுகள். ஆனால் தீர்வு என்று வரும்போது கயிறும் கடப்பாரையும் ஓர் ஆளும்தான் வருகிறார்கள்.

அந்தக் குழிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார். அளவு இன்னும் கூடினால் சில மூச்சிலேயே விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் திரும்புவதில்லை.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டாண்டுவரை சிறை. சாக்கடை மரணத்துக்கு 2014இல் பத்து லட்சம் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. அரசு ஆவணங்களில் 'மேன்ஹோல்' போய் 'மெஷின்ஹோல்' வந்துவிட்டது. ஆனாலும் 1993 முதல் பதிவான மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2024இல் ஒன்றிய அரசு கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களைப் பிறப்பால் பிரித்து வைப்பது வேறு என்று 1936இல் அண்ணல் 'சாதியை அழித்தொழித்த'லில் காட்டியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி என் கதை. போன மழையில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டிலும் அந்தச் சத்தம் வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "ஒரு ஆள அனுப்புறேன்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சமூகவியலில் முதுகலை படித்தவன், பெரியப்பாவின் தோளில் வளர்ந்தவன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கயிற்றோடு ஒருவர் கொல்லைப் பக்கமாக வந்து நின்றபோதுதான் சுரீர் என்றது.

இறங்க வேண்டாம், லாரி வரட்டும் என்றேன். அவர் கேட்டார்: "அண்ணே, லாரி வந்தா என் கூலிக்கு நான் எங்க போறது?"

அன்றைய கூலியைக் கொடுத்தேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு இருக்கிறது. இறங்காதே என்று சொல்லிவிட்டு மறுவாழ்வைக் கேட்காமல் விட்டால் நாமும் அவரைக் கைவிட்டவர்கள்தான். கும்பகோணத்துக்கு 2018இல் 'பாண்டிகூட்' ரோபோ வந்தது. நல்லது. அந்த விசைப்பலகை யார் கையில்? உறிஞ்சு லாரியின் உரிமம் யார் பெயரில்? லாரி ஒருவருக்கு, குழாய் பிடிக்கும் கை நமக்கு என்றால் குழியிலிருந்து மேலே வந்தும் சாதி அதே இடத்தில்தான் இருக்கிறது. இயந்திரம் வாங்கத் தொழிலாளர்களுக்கு ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் மானியம் உண்டு. அதை வாங்கித் தருவதும் இலக்கியம் பேசுகிற நம் வேலைதான்.

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளினார். வீட்டுக்கு வரும் தண்ணீரின் மீதான உரிமைக்கு அது தொடக்கம். வீட்டைவிட்டு வெளியேறும் தண்ணீரை யார் சுமப்பது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

மாணவர்களே, மூன்று வேலைகள் தருகிறேன். அடுத்த மழைக்கு முன் உங்கள் பேரூராட்சியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எத்தனை தொட்டிகள், எத்தனை லாரிகள், தொழிலாளர் பட்டியலில் யார், மறுவாழ்வு பெற்றவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் ஆளைத் தேடாதீர்கள், 14420க்குப் பேசுங்கள். லாரி வரும்வரை ஒரு நாள் சிரமப்படுங்கள். எங்காவது மூடி திறந்து கயிறு இறங்குவதைப் பார்த்தால் நின்று தடுங்கள். தடுத்த பிறகு அவருடைய கூலியைப் பற்றியும் பேசுங்கள்.

பெரியப்பா காதால் கேட்டுச் சொன்னதை அன்று யாரும் மதிக்கவில்லை. இனி அந்தச் சத்தம் கேட்டால், இறங்கச் சொல்லப்படும் மனிதரின் நினைவு முதலில் வரட்டும்.