பத்திரம் இருந்தால் பத்திரம்!



வீடு வாங்குகிறவருக்குப் பத்திரச் செலவு பாரமா, பாதுகாப்பா? பாரமே என்று எதிரணி நண்பர் முழங்கினார். "வீட்டுக்கு பேங்க் கடன் தருது. பத்திரத்துக்கு யாருய்யா கடன் தர்றா?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். (சிரிப்பு)

அவர் சொன்ன கணக்கு பொய்யில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்த்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017-இல் 4 சதவீதமாக ஏறி, 2023 ஏப்ரலில் 2 ஆக இறங்கியது. ஆக மொத்தம் 9. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கொடுக்கிற விலை, அரசாங்க வழிகாட்டி மதிப்பு, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆண்களே, மனைவி பெயரில் வாங்குங்கள். எப்படியும் வீடு அவர்களுடையதுதானே! (சிரிப்பு)

சரி, இவ்வளவு கொடுத்து நமக்கு என்ன கிடைக்கிறது? முதலில் எல்லை. நம்ம கடலூரையே கேளுங்கள். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லை எது தெரியுமா? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்! சுட்டான். குண்டு விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊரெல்லாம் அவன் ஊர். அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர் வந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இப்படி அளக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? (சிரிப்பு) இன்றைக்கு சர்வே எண், நான்கு எல்லை, சதுர அடி எல்லாம் பத்திரத்தில் ஏறுகிறது.

அடுத்தது, மூலம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தை அரங்கேற்றிய ஊர் சிதம்பரம். அதிலே ஒரு வழக்கு வருகிறதே! கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையை நீட்டி, "நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் போய், "கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். சபையார் சும்மா நம்பிவிட்டார்களா? பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை எடுத்துவரச் செய்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறைவனே வாதியாக வந்தாலும் மூல ஆவணத்தைக் காட்டு என்றது தமிழ்ச் சபை! (கைதட்டல்)

இத்தனையும் வகுப்பில் பாடம் நடத்திய நான் என்ன செய்தேன்? 2004-இல் கடலூரில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். அண்ணன் தம்பி மூன்று பேர் விற்றார்கள். அப்பா சம்பாதித்த வீடு. அவர் காலமாகிவிட்டார். வக்கீலிடம் காட்டலாமே என்றாள் மனைவி. "இரண்டாயிரம் ரூபாய் தண்டச் செலவு. வில்லங்கச் சான்றுதான் சுத்தமா இருக்கே!" என்றேன், டாக்டர் பட்டம் வாங்கிய நான்.

ஆறு மாதத்தில் சிதம்பரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அந்த மூவருக்கும் தங்கை. 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் சம பங்கு. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைக் காட்டும், பெற்ற பிள்ளைகளைக் காட்டாது! அந்த அம்மா சண்டை போடவில்லை. "ஐயா, உங்க மேல கோவமில்லீங்க. அண்ணனுங்கதான் என்னைக் கணக்குலயே சேர்க்கலை. நீங்களாவது, 'கூடப் பொறந்த பொண்ணு யாராச்சும் உண்டா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

நடுவர் அவர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. மேடையில் பெண்ணுரிமை பேசுகிற வாய் இது. மனைவியின் வளையலை விற்று, அந்தத் தங்கையின் பங்குக்குத் தனியாகக் கிரயம் எழுதி வாங்கினேன். ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரச் செலவு. முன்பே இரண்டாயிரம் செலவழித்திருந்தால் வாரிசுச் சான்றைக் கேட்டிருப்பார் வக்கீல். எனக்கும் நஷ்டமில்லை, அந்த அம்மாவுக்கும் அவமானமில்லை.

அதனால் சொல்கிறேன். வீட்டு விலை பேசும்போதே பத்திரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூலப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்று, இந்த நான்கையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். தெரியாமல் கொடுத்தால் அது பாரம். தெரிந்து கொடுத்தால் அதுவே பாதுகாப்பு. பத்திரம் என்ற சொல்லுக்குத் தமிழன் ஆவணம் என்றும் பொருள் வைத்தான், பாதுகாப்பு என்றும் பொருள் வைத்தான். தீர்ப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)