பணிக்கு ஓய்வு, பயனுக்கு ஓய்வில்லை

(உரையின் எழுத்து வடிவம்)



பணிநிறைவு விழாவில் மாலையும் பொன்னாடையும் ஏற்று ஒருவர் வீடு திரும்புகிறார். மறுநாளும் வழக்கமான வேளையில் விழிப்பு வருகிறது; செல்வதற்குத்தான் இடமில்லை. உறவினர் இல்லங்களுக்குச் சென்று வருவதில் முதல் மாதம் கழிகிறது. பின்னர் நாளிதழை இருமுறை படித்தும் பொழுது நகர்வதில்லை. ஓய்வூதியம் உணவுக்கு வழி செய்யும். ‘இனி யாருக்குப் பயன்படுவது?’ என்னும் வினாவிற்கு அது விடை தருவதில்லை.

அவ்விடையை இரு பேராசிரியர்களின் வாழ்வில் காணலாம்.

கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது, சமணக் குடும்பத்தினரிடம் நுட்பங்களைக் கேட்டறிந்து 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். ஏட்டுச் சுவடிகளுக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை. முதலும் முடிவும் சிதைந்துபோன பெருங்கதை, 1924இல் அவர் கையால் அச்சேறியது. கொங்குவேளிர் என்னும் சமணப் புலவர் இயற்றிய காப்பியம் அது. குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை எண்பத்திரண்டு. 1940இல் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வரத் தொடங்கியது. முதுமையில் கி.வா. ஜகந்நாதன் முதலிய மாணவர்கள் உடனிருந்து உதவினர்.

மற்றவர் தமிழ்ச் சமணரான அ. சக்கரவர்த்தி நயினார், மெய்யியல் பேராசிரியர். பஞ்சாஸ்திகாயசாரத்தை ஆங்கிலத்தில் தந்தது பணிக்காலத்தில். அந்நூலை இயற்றிய குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கில விளக்கத்துடன் வெளியிட்டது 1950இல், எழுபதாம் அகவையில். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1953இல் வந்தது.

இருவரும் ஓய்வுக்குப் பின் புதியதொரு பொழுதுபோக்கைத் தேடி அலையவில்லை. அலுவல் நேரம் போதாமல் எஞ்சியிருந்த விருப்பத்தையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டனர். ‘செய்ய எண்ணி நேரமின்றி விட்டது எது?’ என ஓய்வு பெற்றவர் முதலில் தம்மையே வினவுதல் வேண்டும்.

அதற்குப் பெரும்புலமை கட்டாயமன்று. நைனார்பாளையத்திலும் சின்னசேலம் சுற்றுவட்டாரத்திலும் ஆசிரியராக, வருவாய்த் துறையினராக, சர்க்கரை ஆலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றோர் உள்ளனர். கணக்கு அறிந்தவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்கு மாலையில் கற்பிக்கலாம். அலுவலக நடைமுறை தெரிந்தவர், கல்வராயன் மலையிலிருந்து வரும் பழங்குடி மக்களுக்குச் சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை மனுக்களை எழுதித் தரலாம். மண்ணில் நாட்டமுள்ளவர் பள்ளி வளாகத்தில் மரக்கன்று நட்டு நீர் வார்க்கலாம்.

பரணில் கிடக்கும் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் இறக்கிப் பட்டியலிடுவதும் நற்பணியே. நோன்பு நாட்களில் பாட்டிமார் சொல்லும் கதைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்னும் இன்றியமையாதது. ஏடு செல்லரிக்கச் சில ஆண்டுகள் ஆகும்; சொல்பவர் மறைந்தால் கதை அன்றே மறைந்துவிடும்.

தொடங்கும்போது நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். உடல் தாங்கும் அளவே அளவு. ஆனால் நேரம் தவறலாகாது, தனித்தும் செய்யலாகாது. இளையவர் ஒருவரை உடன் சேர்த்துக்கொண்டால், முதியவர்க்குத் துணையும் பணிக்குத் தொடர்ச்சியும் கிடைக்கும்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானத்தை நான்காக வகுத்தது சமண அறம். பொருள் குறைந்த காலத்திலும் ஒருவரால் குறைவின்றி வழங்கக்கூடியது கல்வித் தானம். அதனை வழங்கும் முதியவரின் திண்ணைக்கு நாளை காலை ஒரு பிள்ளையேனும் புத்தகத்துடன் வந்து நிற்கட்டும்.