பெயருக்குள் ஒளிந்த சிறை

(வடக்கனந்தலில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையடியில் வாழ்வோர்க்குச் சிறை என்பது ஏட்டில் மட்டும் படித்த செய்தியன்று. செம்மரம் வெட்டினர் என்று தளையிடப்பெற்று, மொழி தெரியாத ஆந்திரச் சிறைகளில் அடைபட்டுக் கிடந்த மலைமக்கள் பலர். அக்கொடுமை தனியே பேசற்குரியது. ஆயினும், அச்சிறைக்கும் எழுதிவைத்த நெறிமுறை ஒன்றுண்டு. நடுவர் உள்ளே சென்று பார்வையிட வழியுண்டு. ஒறுப்புக் காலம் முடிந்தால் கதவைத் திறந்தேயாக வேண்டும்.

திறக்கும் நாள் எது என்று எவரும் சொல்லக் கடமைப்படாத அடைப்பிடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கின்றது. திருச்சிராப்பள்ளி நடுவண் சிறை வளாகத்திற்குள் இருப்பினும் அதனை எவரும் சிறை என்பதில்லை. 'சிறப்பு முகாம்' என்பது அதன் பெயர்.

இப்பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'முகாம்' அரபு மொழியினின்று வந்து புகுந்த சொல். தங்குமிடம் என்று பொருள்படுவது. கண் மருத்துவ முகாம் என்று மக்கள் நாள்தோறும் வழங்குவது. 'சிறப்பு' என்பதோ மழையை வான்சிறப்பு என வள்ளுவர் போற்றிய தூய தமிழ்ச்சொல். அயற்சொல் ஒன்றையும் அருந்தமிழ்ச்சொல் ஒன்றையும் ஒட்டவைத்து, அவற்றின் பின்னே ஒரு பூட்டை மறைத்திருக்கின்றனர். 'சிறை' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருந்தும் அதனை ஏன் வழங்கவில்லை? சிறை என்றால் சிறைக்குரிய நெறிமுறைகள் உடன் வந்துவிடும், அதனால்தான்!

1990ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் இம்முறை தொடங்கிற்று. பின்னர்ச் செங்கற்பட்டு, பூந்தமல்லி எனப் பரவித் திருச்சிராப்பள்ளியில் நிலைத்தது. இதற்கு அடிப்படை, வெள்ளையர் ஆட்சியின் இறுதியில், 1946ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வெளிநாட்டவர் சட்டம். அதில் ஒருவரைத் 'தளைப்படுத்தி அடைத்துவைத்தல்' ஒரு பிரிவு; 'குறித்த இடத்தில் தங்கியிருக்கப் பணித்தல்' மற்றொரு பிரிவு. ஈழத்தமிழர்மீது ஏவப்பட்டது இந்தத் 'தங்கியிருத்தல்' பிரிவே. வழக்குமன்றம் பிணையில் விடுவித்தவரையும் சிறை வாயிலிலிருந்தே இங்குக் கொணர்ந்தனர். 2025 செப்தம்பர் 1 முதல் அச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'குறித்த இடத்தில் தங்குக' என்று பணிக்கும் உரிமை அதிலும் அரசின் கையிலேயே இருக்கின்றது.

இனி, உள்ளே பொறுப்பிலிருப்போர் யார் எனக் காண்போம். தலைமைப் பொறுப்பு, வருவாய்த்துறையைச் சார்ந்த துணை ஆட்சியர் நிலை அலுவலர் ஒருவருடையது. நிலவரியும் பட்டாவும் பார்த்துப் பழகிய துறை அது. வாயிலில் காவல் நிற்போர் காவல்துறையினர். ஒருவரை அங்கு அடைக்கவேண்டும் என்று பரிந்துரைப்பதும் காவல்துறையின் உளவுப் பிரிவே. பிடித்தவரும் பரிந்துரைத்தவரும் காப்பவரும் ஒரே துறையினராயின், குறையை யாரிடம் முறையிடுவது? காவல் நிற்கும் இளைஞரைப் பழிப்பதில் பயனில்லை. அவரும் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையே. ஒறுப்பு எதுவும் பெறாத மாந்தரை எவ்வாறு நடத்துவதென்று அவருக்குக் கற்பிக்காத அமைப்பே பழிக்குரியது.

அதன் விளைவு என்ன? 2021ஆம் ஆண்டில் அங்கிருந்தோர் விடுதலை வேண்டிப் பல நாள் போராடினர். சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றனர். 2022 நவம்பர் 11 அன்று உச்சநயன்மன்றம் விடுவித்த சாந்தன், வீடு செல்லவில்லை, இவ்விடத்திற்கே கொண்டுசெல்லப்பட்டார். நோயுற்று, ஈழம் திரும்ப ஒப்புதல் கிட்டிய சில நாள்களிலேயே, 2024 பிப்பிரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் உயிர்நீத்தார். விடுதலைக்கும் இறப்புக்கும் இடையே பதினைந்து திங்களுக்கு மேல்! அத்தனை திங்களுக்கும் கணக்குக் கேட்கக் கடமைப்பட்ட கண்காணிப்புக் குழு ஒன்றேனும் இல்லை.

பிறநாடுகள் தூயவை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் புரூக் அவுசு என்னும் குடிவரவுத் தடுப்பகத்தைத் தனியார் காவல் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். 2017இல் மறைபடக் கருவியால் அங்கு நடந்த கொடுமை வெளிப்பட்டது. உசாவற்குழு 2023இல் அறிக்கை தந்தது. ஐந்து திங்களில் மாந்தத்தன்மையற்ற நடத்தைக்கு நம்பத்தகுந்த சான்றுள்ள நிகழ்வுகள் 19 என்றது. 2021 முதல் தியேகோ கார்சியாத் தீவில் ஈழத்தமிழரை அடைத்து வைத்ததும் சட்டத்திற்குப் புறம்பானது என 2024 திசம்பரில் நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். இவ்விரண்டிலும் கொடுமை வெளிவந்தது எவ்வாறு? உள்ளே நடந்ததை வெளியுலகம் பார்க்க நேர்ந்தமையால்!

இந்தியாவிலும் அதற்குச் சான்றுண்டு. 2019 சனவரியில் நடுவணரசு தடுப்பகங்களுக்கான மாதிரி நெறிமுறைச் சுவடியை மாநிலங்களுக்கு விடுத்தது. தண்ணீர், படுக்கை, கழிப்பிடம் யாவும் அதில் எழுத்தில் உள்ளன. எழுத்து மட்டும் என்ன செய்யும்? அசாமின் மாட்டியா தடுப்பகத்திற்குச் சட்ட உதவி ஆணையத்தினரை உச்சநயன்மன்றம் அனுப்பிய பின்னரே, 2024இல், அங்குத் தண்ணீரும் கழிப்பிடமும் சீர்கெட்டிருந்தமை தெரியவந்தது.

வள்ளுவப் பெருந்தகை கொடுங்கோன்மையை அடுத்து வெருவந்த செய்யாமை, அதனை அடுத்துக் கண்ணோட்டம், அதனையும் அடுத்து ஒற்றாடல் என்று முறைப்படுத்தினார். பகைவரை மட்டுமன்றித் தன் வினைசெய்வாரையும் அரசன் ஆராய்ந்தறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றோ ஏதிலியை ஆராய ஆயிரம் கண்கள். ஏதிலியைக் காப்பவரை ஆராய ஒரு கண்ணும் இல்லை!

2021 ஆகத்தில் தமிழக அரசு ஏதிலியர் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே; ஆனால் பூட்டு அப்படியே இருக்கின்றது.

எனவே தமிழர் வலியுறுத்த வேண்டுவன நான்கு. அடைப்பிடத்தைக் காவல்துறையின் பிடியினின்று பிரித்து, பயிற்சி பெற்ற தனிப் பணியாளரிடம், பெண்டிருக்குப் பெண் பணியாளருடன், ஒப்படைக்க வேண்டும். மருத்துவர் நாள்தோறும் வர வேண்டும். மாவட்ட நடுவர் திங்கள்தோறும் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்து, தம் அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஒவ்வொருவரையும் அடைத்ததற்குரிய கரணியத்தை ஆறு திங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்து, காலவரை குறிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. உள்ளே இருப்பவனும் மாந்தன் என்னும் எண்ணமே தேவை. அங்கு வங்காளரும் நைசீரியரும் அடைபட்டதுண்டு. கேட்கும் நயன்மை அவர்களுக்கும் உரியதே. தமிழன் தனக்கு வேண்டுவதைப் பிறர்க்கும் வேண்டுவான்.

சிறையைச் சிறை என்றே அழைப்போம். அழைத்தபின், சிறைக்குள்ள கணக்கைக் கேட்போம்!