இடப்பக்கத்து இருக்கைகள்

இடதுசாரி என்னும் சொல் இருக்கையிற் பிறந்தது. 1789இல் வெர்சாய் நகரில் கூடிய பிரெஞ்சுத் தேசிய மன்றத்தில், சட்டங்களை அறவே தடுக்கும் அதிகாரம் மன்னனுக்கு வேண்டும் என்றோர் அவைத்தலைவரின் வலப்புறமும், கூடாதென்றோர் இடப்புறமும் அமர்ந்தனர். செப்டம்பர் 11ஆம் நாள் வாக்கெடுப்பின்படி, மன்னன் சட்டத்தைத் தாமதப்படுத்தலாம், அழிக்க இயலாது.

எனினும், அவையோர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1791 ஜூனில் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கேட்பதையே குற்றமாக்கிய சட்டத்தைக் கொணர்ந்த லெ ஷப்லியே, 1789இல் இடப்பக்கத்து முன்னணியாளர். ரோபெஸ்பியரும் அதனை எதிர்க்கவில்லை. பழைய தொழிற்குழுக்களின் தளையறுத்த அதே விடுதலையின் பெயரால் நிகழ்ந்த கொடுமை இது! இடப்பக்கம் பறித்ததை மீட்க உழைப்போருக்கு 93 ஆண்டுகள் ஆயின. வேலைநிறுத்தம் 1864இலும், தொழிற்சங்கம் 1884இலுமே பிரான்சில் சட்ட ஏற்புப் பெற்றன.