இரண்டு கணக்கையும் கேட்டுப் பாருங்கள்

(ஜோர்ஜ்டவுனில் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரை)



தோட்டத்து லயத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு, வங்கிக் கடன் கட்டி வாங்கிய அடுக்குமாடி வீடு ஒன்றுதான் சொத்து. வீட்டுக்குள் நீங்கள் எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும், லிஃப்ட் ஓடவில்லை, கூரை ஒழுகுகிறது என்றால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

மாதாமாதம் நீங்கள் கட்டும் பணத்தை இரண்டு தனிக் கணக்குகளில் வைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம்.

முதலாவது, பராமரிப்புக் கணக்கு. கூட்டுவது, குப்பை அள்ளுவது, காவலாளி சம்பளம், படிக்கட்டு விளக்கின் மின்கட்டணம், சின்னச் சின்ன ரிப்பேர், கட்டட இன்சூரன்ஸ் எல்லாம் இதில் அடங்கும். இந்தச் செலவு கட்டடத்தை இன்றுள்ள நிலையில் வைத்திருக்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது, சிங்கிங் ஃபண்ட். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, பழைய சாதனத்தை எடுத்துவிட்டுப் புதியது போடுவது, பொது இடங்களை மேம்படுத்துவது போன்ற பெரிய செலவுகளுக்கான பணம் இது. உங்கள் சொத்தின் மதிப்பைக் காப்பதும் உயர்த்துவதும் இதுதான்.

ஜேஎம்பி நிர்வாகத்தில் பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காடு இதற்குச் சேர வேண்டும். கட்டணம் 50 ரிங்கிட் என்றால், அதற்கு மேல் 5 ரிங்கிட். 200 வீடுகள் ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 12,000, பத்து ஆண்டில் 120,000 ரிங்கிட். இதை எடுத்துக் குப்பைக்கும் காவலாளிக்கும் செலவழித்துவிட்டால், லிஃப்ட் நின்றுபோகும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வயதான நம் தாய்மார்கள்தாம் படியேறி மூச்சு வாங்குவார்கள்.

ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். தணிக்கை செய்த கணக்கைக் கையில் வாங்குங்கள். சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது, எதற்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணப் பாக்கி இருந்தால் உங்களுக்கு ஓட்டுரிமை இல்லை. கோபத்தில் கட்டாமல் விடுபவர் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

பதில் கிடைக்காவிட்டால் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும். பொதுவாக அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.