எங்கள் இரவுக்கு அரைப்பேரும் இல்லை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறை எடுத்து, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். பிழை திருத்துவதே எங்கள் அன்றாட வேலை. எங்காவது சிக்கிக்கொண்டால், முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் வழி சொல்வார், கூலி கேட்கமாட்டார். 2004 சுனாமிக்குப் பின் நம் நாட்டுத் தொண்டர்கள் இப்படிச் சேர்ந்துதான் 'சஹானா' என்ற நிவாரண மென்பொருளை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது உதவியது. அறிவைப் பகிரக் கூடுகிற நாங்கள், மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்க மட்டும் தனித்தனியே நிற்கிறோம். தோட்டத்தில் அரைப்பேர் போட்டால் நீங்கள் ஒன்றாகக் கேட்பீர்கள். எங்கள் நள்ளிரவு வேலைக்கு அரைப்பேரும் இல்லை. சங்கமாகச் சேர்வது எப்படியென்று உங்களிடம் கற்கவே வந்திருக்கிறோம்.